கொண்டை முடியும் கை

நரம்பியல் மருத்துவரின் மேசைக்கு எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. ஒரு தாளில் வட்டம் போட்டுக் கொடுத்து, அதைக் கடிகாரமாக்கி, பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னார். அம்மா எண்களையெல்லாம் வலப்பக்கமே நெருக்கி எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். கடைசியாக அவர், "கையில சீப்பு இருக்கிறதா நினைச்சுக்குங்கம்மா. தலை வாருற மாதிரி செஞ்சு காட்டுங்க" என்றார். அம்மா வலது கையைத் தூக்கினாள். கை காதருகே வந்து நின்றுவிட்டது. யாருடைய கையோ தன் தோளுக்கு மேல் வந்து நிற்பதுபோல அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து ஒரு மரப்பெஞ்சில் மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தோம். தலைக்கு மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவின் பின்னல் தளர்ந்து முடி முகத்தில் விழுந்தது. நான் எழுந்து போவதற்குள் இரண்டு கையாலும் முடியைப் பின்னால் ஒதுக்கி, ஒரு முறுக்கு முறுக்கி, சுற்றி, நுனியை உள்ளே செருகிக் கொண்டை போட்டுவிட்டாள். இரண்டு மூச்சு விடும் நேரம்தான். பார்வை முழுவதும் எதிரே ஒரு குழந்தை பிஸ்கட் தின்பதில் இருந்தது. கை தன்பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டு இறங்கியது.

உள்ளே தடுமாறி நின்றதும் வெளியே கொண்டை முடிந்ததும் ஒரே கை. அன்றிலிருந்து நான்கு வருடங்களாக அந்தக் கையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் ஃபினாமினாலஜி நூல்களை ஒரு மாணவியாகப் படித்திருந்தேன். தமிழில் நிகழ்வியல் என்றும் தோற்றப்பாட்டியல் என்றும் சொல்கிறார்கள். பாடமாகப் படித்தபோது புரிந்ததாக நினைத்த பக்கங்களை அந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உண்மையில் முதன்முறையாகப் புரிந்துகொண்டேன்.

மோரிஸ் மெர்லோ-போந்தி 1945இல் வெளியிட்ட 'புலனறிவின் நிகழ்வியல்' நூலில் ஷ்னைடர் என்ற ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார். முதல் உலகப் போரில் வெடிகுண்டுச் சில்லு தலையின் பின்புறம் பாய்ந்து மூளையில் காயம்பட்ட ஜெர்மன் சிப்பாய். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆதேமார் கெல்ப் என்ற உளவியலாளரும் குர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற நரம்பியலாளரும் அவரை நெடுங்காலம் ஆராய்ந்து எழுதினார்கள். அவர் தோல் பணப்பைகள் செய்யும் தொழிலாளி. காயத்துக்குப் பிறகும் அந்த வேலையைச் செய்தார். கத்தரிக்கோலும் தோலும் எதிரே இருந்தால் கை தானாக அவற்றை நோக்கிப் போகும். கொசு கடித்தால் கடித்த இடத்தைத் தேடாமலேயே கை போய் அடிக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 'உன் மூக்கைச் சுட்டிக் காட்டு' என்றால் முடியாது. மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தால் முடியும். காற்றில் ஒரு வட்டம் போடச் சொன்னால் முதலில் கையை எங்கே வைத்திருக்கிறோம் என்று தேடி, உடம்பையே ஆட்டி அசைத்து, அந்த ஆட்டத்தில் தற்செயலாக வட்டத்தைப் போல ஒன்று தட்டுப்பட்டால் அதைப் பிடித்துக்கொள்வார்.

அந்தப் பக்கங்களில் எனக்கு நெஞ்சை அடைத்த ஓர் இடம் உண்டு. தலை வாருவதுபோல நடிக்கச் சொன்னால் ஷ்னைடரின் வலது கை சீப்பைப் பிடிக்கும். அதே நேரம் இடது கை இல்லாத கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ராணுவ வணக்கம் வைக்கச் சொன்னால் கையை மட்டும் தூக்க அவரால் ஆகாது. முழுச் சிப்பாயாகவே விறைத்து நிற்க வேண்டும். தலை வாருதல் என்ற அசைவை மட்டும் வாழ்க்கையிலிருந்து தனியே உருவி எடுத்துக் காட்ட அவரால் முடியவில்லை. கண்ணாடி வேண்டும், காலைப்பொழுது வேண்டும், எங்கோ கிளம்ப வேண்டிய அவசரம் வேண்டும். அம்மாவுக்கும் அப்படித்தான். அந்த அறையில் தலை வாருவதற்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. வெளியே முடி முகத்தில் விழுந்தது.

ஷ்னைடரைப் பற்றிய அந்த ஆய்வையே பின்னாளில் நரம்பியலாளர்கள் சிலர் சந்தேகித்தார்கள். ஆராய்ச்சியாளர்களின் எதிர்பார்ப்புக்கு ஏற்ப அவர் நடந்துகொண்டிருக்கலாம் என்று வாதிட்டார்கள். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் மெர்லோ-போந்தி அந்த மனிதரை வைத்துக் கேட்ட கேள்வி அந்தச் சந்தேகத்தோடு போய்விடுவதில்லை. கை என்பது மனம் கட்டளையிட அதைச் செய்துமுடிக்கும் கருவிதானா? அப்படியென்றால் கட்டளை தெளிவாகப் போய்ச் சேர்ந்த இடத்தில் கை ஏன் நின்றுபோகிறது? கட்டளையே இல்லாத இடத்தில் ஏன் பிசகாமல் செய்கிறது? உடம்புக்கு உலகத்தோடு நேராக ஓர் உறவு இருக்கிறது, அது 'நான் நினைக்கிறேன்' என்பதற்கு முந்தையது என்பது அவருடைய பதில். 'என்னிடம் ஓர் உடம்பு இருக்கிறது' என்று சொல்வதே அவருக்குத் தப்பான கணக்கு. நான் என் உடம்பாக இருக்கிறேன்.

இந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற கதையையும் சொல்லத் தோன்றுகிறது. நிகழ்வியலைத் தொடங்கிவைத்த எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் 1938 ஏப்ரலில் ஃபிரைபர்க்கில் இறந்தார். யூதராகப் பிறந்தவர் என்பதால் நாஜிகள் காலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தவர். வீட்டில் ஏறக்குறைய 40,000 பக்கக் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன, பெரும்பாலும் சுருக்கெழுத்தில். தனக்குத்தானே யோசித்துக்கொள்வதற்காக அவர் வாழ்நாளெல்லாம் எழுதிக் குவித்தவை. பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் பிரேடா என்ற இளம் பிரான்சிஸ்கன் துறவி அந்தக் கோடையில் ஏதோ சில பக்கங்களைப் பார்த்துப்போக வந்தார். வந்தவர் ஆபத்தை உணர்ந்து, ஹுஸ்ஸெர்லின் மனைவி மால்வினின் சம்மதத்தோடு அத்தனையையும் பெல்ஜியத் தூதரகத்தின் வழியாக லூவன் நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1939இல் அந்தக் காப்பகத்துக்கு வந்து படித்த முதல் வெளியாட்களில் ஒருவர் மெர்லோ-போந்தி. அங்கே அவர் படித்த, அப்போது அச்சாகாத ஒரு பிரதியில், ஒரு கை இன்னொரு கையைத் தொடுவதைப் பற்றி ஹுஸ்ஸெர்ல் எழுதியிருந்தார். வலது கையால் இடது கையைத் தொடும்போது இடது கை தொடப்படும் பொருளாக இருக்கிறது. கொஞ்சம் கவனத்தைத் திருப்பினால் அதுவே தொடுகிற கையாகிவிடுகிறது. மேசையைத் தொட்டால் இது நடக்காது. உலகத்தில் உள்ள எல்லாப் பொருள்களிலும் இந்த ஒன்று மட்டும் பொருளாகவும் இருக்கிறது, உணர்வாகவும் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. எடையும் அளவும் கொண்ட சடப்பொருளான உடம்புக்கு ஒன்று. உயிரோடு வாழப்படும் உடம்புக்கு ஒன்று. இரண்டாவதற்குத் தமிழில் சொல் தேடி அலைந்தபோது ஒன்றாம் வகுப்பில் படித்த உயிர்மெய் என்ற சொல்தான் எனக்குக் கிடைத்தது. அதைவிடப் பொருத்தமாக ஒன்றை இன்னும் நான் கண்டுபிடிக்கவில்லை.

அந்த 40,000 பக்கங்களை நினைக்கும்போதெல்லாம் அம்மாவின் கோல நோட்டு நினைவுக்கு வருகிறது. நாற்பது வருடங்களாகப் பக்கத்து வீடுகளில், கோயில் வாசலில், பத்திரிகைகளில் பார்த்த கோலங்களைப் புள்ளிக் கணக்கோடு வரைந்து வைத்த ஒரு நீள நோட்டு. சுருக்கெழுத்து தெரிந்த உதவியாளர்கள் இருந்ததால் ஹுஸ்ஸெர்ல் பிழைத்தார். இந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். நோய் வந்து இரண்டாம் வருடம் அதை எடுத்து அவள் மடியில் வைத்தேன். இரண்டு மூன்று பக்கம் புரட்டிவிட்டு, "யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் விடியற்காலையில் வாசல் தெளித்துவிட்டு ஏழு புள்ளி, நாலு வரை, இடுக்குப் புள்ளி வைத்தாள். முப்பத்தேழு புள்ளியும் நூல் பிடித்தமாதிரி உட்கார்ந்தன. நோட்டில் பன்னிரண்டாம் பக்கத்துக் கோலம் அது.

மேற்கில் ஜான் லாக் என்ற தத்துவவாதி 1694இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த ஓர் அத்தியாயத்திலிருந்து ஓர் எண்ணம் வேர்விட்டு நம் எல்லார் மனத்திலும் இறங்கியிருக்கிறது. ஓர் ஆள் அதே ஆளாகத் தொடர்வது அவருடைய நினைவு எட்டுகிற தூரம் வரைதான் என்ற எண்ணம். ஓர் இளவரசனின் நினைவுகளெல்லாம் செருப்புத் தைப்பவர் ஒருவரின் உடம்புக்குள் புகுந்துவிட்டால் அங்கே இருப்பது இளவரசன்தான் என்கிறார். மறதி நோய் வந்தவர்களைப் பற்றி "ஆளே போய்ட்டாங்க, உடம்பு மட்டும் இருக்கு" என்று நாம் சொல்வது இந்தக் கணக்கில்தான். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். நானும் ஒருமுறை தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அம்மா பக்கத்து அறையில் இருந்தாள்.

லாக் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்தச் செருப்புத் தைப்பவரின் கைக்கு என்ன ஆயிற்று? குத்தூசியைத் தோலில் எவ்வளவு அழுத்த வேண்டும், எந்த இடத்தில் தோல் கிழியும், மெழுகு தடவிய நூலை எவ்வளவு இழுக்கலாம் என்பதெல்லாம் தெரிந்த கை அது. இளவரசன் காலையில் கண் விழித்து அந்தப் பட்டறையில் உட்காரும்போது அந்தக் கை சும்மா கிடக்குமா? தோல் வாசனை வந்ததும் குத்தூசியைத் தேடிப் போகாதா? போனால் அங்கே தைத்துக்கொண்டிருப்பது யார்? ஷ்னைடரும் தோல் வேலைக்காரர் என்பதால்தானோ என்னவோ, இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "இது பழக்கம்மா. நாப்பது வருசம் செஞ்சது கைக்குப் பதிஞ்சுபோச்சு. அவ்ளோதான்" என்றான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் போனது. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி அதன் இரண்டு கோடுகளுக்கு நடுவே கோடு இழுக்கச் சொன்னார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. ஒவ்வொரு நாளும் இதை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கைப்பழக்கம் மூளையில் வேறு இடங்களைச் சார்ந்தது என்று அறிவியல் கண்டுகொண்ட வழி அது. அண்ணன் சொல்வதும் அதைத்தான்.

ஆனால் 'அவ்ளோதான்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. மன்னார்குடி வீட்டை விட்டு அம்மாவை என்னோடு சென்னைக்கு அழைத்துவந்தபோது ஒரு விஷயம் நடந்தது. அங்கே வாசல் அகலம். இங்கே மூன்றாம் மாடி. கதவுக்கு முன்னால் இரண்டடிக்குள் ஒரு துண்டு இடம், பக்கத்தில் எதிர்வீட்டுச் செருப்பு அடுக்கு. முதல் நாள் காலையில் கோலப்பொடி டப்பாவோடு அம்மா வெளியே வந்தாள். தரையைப் பார்த்தாள். குனிந்தவள் ஐந்து புள்ளி வைத்தாள். மேலேயும் கீழேயும் நான்கு, மூன்று. இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கினாள். அதே கோலத்தின் சின்ன வடிவம். செருப்பு அடுக்கில் இடிக்காமல் கோடு வளைந்து திரும்பியது. பளபளப்பான டைல்ஸில் பொடி சறுக்கும் என்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொடியை வழக்கத்தைவிட மெல்லியதாக விட்டாள். மெர்லோ-போந்தி ஓர் ஆர்கன் வாசிப்பவரைப் பற்றி எழுதுகிறார். அவருக்குப் பழக்கமில்லாத ஓர் ஆர்கன். கட்டைகளின் எண்ணிக்கையும் அமைப்பும் வேறு. ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்து பழகிவிட்டு அவர் கச்சேரிக்குத் தயாராகிவிடுகிறார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வோர் அசைவைப் புதிதாக மனப்பாடம் செய்ய ஒரு மணி நேரம் போதாது. அவர் அந்தக் கருவிக்குள் குடியேறுகிறார். பதிந்துபோனது மட்டும்தான் கையில் இருந்திருந்தால் அம்மா அந்த இரண்டடி இடத்தில் ஏழு புள்ளி வைத்து எதிர்வீட்டுச் செருப்பின்மேல் ஏற்றியிருப்பாள். அவள் அளந்தாள், குறைத்தாள், ஒதுங்கினாள். இடத்தைப் புரிந்துகொண்டாள். அவளிடம் கேட்டிருந்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்காது.

பெரியப்பா வேறு வழியில் வந்தார். அவர் வருடம் தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர். "உடம்பும் நீயில்ல, ஞாபகமும் நீயில்ல. எல்லாம் போனபிறகு மிஞ்சுறது எதுவோ அதுதான் உங்கம்மா. அதுக்கு ஒரு நோயும் கிடையாது" என்றார். அதைக் கேட்டபோது அழுகை வந்தது. ஆறுதலாகவும் இருந்தது. ரமணர் 1896இல் மதுரையில், பதினாறு வயதில், திடீரென்று வந்த மரண பயத்தில் தரையில் படுத்துக் கைகால்களைப் பிணம்போல விறைத்து நீட்டி, மூச்சை அடக்கி, செத்துப்போவது எது என்று பார்த்தார். சில வாரங்களில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலை போய்விட்டார். தூக்கத்தில் நினைவு ஒன்றுமில்லை, ஆனால் நாம் இல்லாமலும் போகவில்லை என்பது அங்கே பேசப்பட்ட ஞானத்தின் ஒரு கண்ணி. லாக் கட்டிய வீட்டை அது ஒரே வரியில் சாய்த்துவிடுகிறது. நினைவு அற்றுப்போனால் ஆள் அற்றுப்போவதில்லை என்பதில் ரமணரும் மெர்லோ-போந்தியும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

அதற்கு மேல் இருவரும் பிரிகிறார்கள். நான் இருவரையும் விட முடியாமல் நடுவில் நிற்கிறேன். உடம்பு நானல்ல என்று கண்டுகொள்ள அந்தப் பையன் உடம்பைத்தான் கிடத்த வேண்டியிருந்தது. பிற்காலத்தில், 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் மலைக்குப் போய் 'நான் யார்' என்று கேட்டபோது ரமணர் பேசாமல் இருந்தார். விரலால் எழுதித்தான் பதில் சொன்னார். நம் கையில் நூலாக இருக்கும் அந்த விசாரணை மணலிலும் பலகையிலும் ஒரு விரல் எழுதியதிலிருந்து வந்தது. அந்த விரலைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தினமும் வெந்நீரைக் கைவைத்துப் பார்த்து அம்மாவைக் குளிப்பாட்டுகிறேன். முதுகில் சோப்புப் போடும்போது அவள் தோள்பட்டைகள் தளர்ந்து இறங்குகின்றன, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விடுகிறாள். அப்போது 'இது அவள் இல்லை' என்று என்னால் நினைக்க முடியவில்லை. அது பாவம்போலத் தோன்றுகிறது.

கனடாவில் பியா கோன்டோஸ் என்ற ஆய்வாளர் மறதி நோய் வந்த முதியவர்கள் வாழும் ஓர் இல்லத்தில் கவனித்து 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். மெர்லோ-போந்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு எழுதியது. அதில் ஒரு மூதாட்டி வருகிறார். சாப்பிடும் முன் உடையில் சிந்தாமலிருக்கக் கழுத்தில் துணி கட்டிவிடுகிறார்கள். அவர் துணிக்குள் கையைவிட்டு, தன் முத்துமாலையை வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி துணியின்மேல் போட்டுக்கொள்கிறார். பிறகுதான் சாப்பாடு. இதைப் படித்தபோது எங்கள் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. அதில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை என்று எட்டை எண்ணிச் சொல்கிறது. உள்ளே ஓர் உணர்ச்சி இருந்து வெளியே அதன் அடையாளம் தெரிகிறது என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். மெய்ப்பாடு என்ற சொல்லில் எனக்கு அந்தப் பிரிவு கேட்பதில்லை. உணர்ச்சி மெய்யில் படுகிறது, பட்ட இடத்தில்தான் இருக்கிறது. அந்த மூதாட்டியின் பெருமிதத்தை அவருடைய நினைவுக்குள் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. அது முத்தை வெளியே எடுத்த விரல்களில் இருந்தது.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அம்மா இழந்தது சின்ன விஷயமில்லை. அப்பா இறந்ததை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டு ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுதாள். இப்போது கேட்பதையே விட்டுவிட்டாள். என் பெயர் போய் இரண்டு வருடமாகிறது. என்னை 'நீங்க' என்கிறாள். "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு? ராத்திரி இங்கேயே தங்குறீங்களா?" என்று மரியாதையோடு விசாரிக்கிறாள். பெற்ற தாயிடம் அந்த 'ங்க' விகுதியைக் கேட்பது எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். எந்தத் தத்துவமும் அதைத் துடைத்துவிடாது. கையும் என்றைக்கும் இருக்காது. மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

போன மார்கழியில் ஒரு நாள் அது தொடங்கியது. ஐந்து புள்ளி வைத்தாள். கோடு இரண்டாவது வளைவில் திரும்ப வேண்டிய இடத்தில் நேரே போய்விட்டது. ஒரு புள்ளி வெளியே நின்றது. அம்மா குனிந்தபடியே அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து டப்பாவை என்னிடம் நீட்டி, "நீங்க போடுறீங்களா?" என்றாள். எனக்குக் கோலம் அவ்வளவாக வராது. சின்ன வயதில் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளாதவள். உட்கார்ந்தேன். பொடி எடுத்தேன். புள்ளியைச் சுற்ற முயன்றபோது கோடு தடித்துக் கோணலாயிற்று. பின்னால் நின்றிருந்த அம்மா குனிந்தாள். அவளுடைய உள்ளங்கை என் புறங்கையின்மேல் வந்து உட்கார்ந்தது. மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

"இப்படி வளைச்சு விடுடி."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பொடி விழுந்துகொண்டிருந்தது. கை வளைந்தது.